தாய்க்கு மூடிய ஏடு

ஒரு குடியிருப்பில் ஓர் இளைஞன் கைது செய்யப்பட்டால் அச்செய்தி இரண்டு ஏடுகளில் பதிவாகின்றது. ஒன்று காவல் நிலையத்தின் ஏடு. அதில் நாளும் மணியும் பெயரும் முறைப்படி எழுதப்படுகின்றன. மற்றொன்று ஊர்வாய் என்னும் ஏடு. அதில் எழுத்தில்லை, நாளில்லை, மணியில்லை. ஆயினும் அதை அழிக்க எவராலும் முடியாது. முதல் ஏட்டைப் படித்தறிய வேண்டியவர்கள் அவ்விளைஞனைப் பெற்றவர்கள். அவர்களுக்கு அது மூடிக் கிடக்கின்றது. இரண்டாம் ஏட்டைப் படிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. அதுவோ சந்தையிலும் கோயில் மண்டபத்திலும் திருமண விருந்திலும் விரித்து வைக்கப்பட்டிருக்கின்றது. இத்தலைகீழ் நிலையை இயல்பானதென்று ஏற்றுக்கொண்டு வாழ மலேசியத் தமிழர் சமுதாயம் பழகிவிட்டது. பழக்கமே இதன் பெருங்கேடு.

கைதானவர்களின் பெயர்களை வட்டாரந்தோறும் பட்டியலிட்டு வெளியிட வேண்டும், அப்பொழுதுதான் இளைஞர்களுக்கு அச்சம் பிறக்கும் என்று முழங்குவோர் உளர். பெண் கொடுக்கும் வீட்டார், மாப்பிள்ளை என்றைக்கேனும் காவல் நிலையப் படியை மிதித்தவனா என்று துருவுகின்றனர். கோயில் நிருவாகத் தேர்தல் நெருங்கினால் எதிரணியாளரின் இருபதாண்டுப் பழைய கைது ஒன்று தோண்டி எடுக்கப்படுகின்றது. வேலை கொடுப்போர் கேட்கின்றனர். வீடு வாடகைக்கு விடுவோர் கேட்கின்றனர். இவர்கள் அனைவரும் கேட்பது ஒரே கேள்வி: "இன்னார் எப்பொழுதாவது கைது செய்யப்பட்டாரா?" கேட்க வேண்டியதோ வேறு: "இன்னார்மீது வழக்கு நடந்து குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா?" இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. படித்தவர்கள்கூட அதனை உணர்வதில்லை என்பது வருந்தத்தக்கது.

கைது என்பது ஐயத்தின் விளைவு. உணவகம் ஒன்றில் கைகலப்பு நேர்ந்தால் அங்கிருந்த பத்துப்பேரும் வண்டியில் ஏற்றப்படலாம். அவர்களுள் ஒருவன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவனாக இருக்கலாம். மறுநாள் எண்மர் வீடு திரும்புவர். இருவர்மீது குற்றம் சாட்டப்படும். அவ்விருவருள் ஒருவன் விடுதலையும் ஆகலாம். குற்றம் சாட்டுவதா இல்லையா என்று முடிவு செய்வது காவலர் அல்லர், அரசாங்க வழக்கறிஞர். குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்வது அவரும் அல்லர், நீதிபதி. மூன்று படிகள் கொண்ட ஏணியின் முதற்படியிலேயே ஒருவனைக் குற்றவாளி என்று முத்திரை குத்துவோர், ஏனைய இரண்டு படிகளும் எதற்காக இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

உண்மையை அறிய விரும்புவோர்க்கு வழி அடைக்கப்படவில்லை. 1964ஆம் ஆண்டு நீதிமன்றங்கள் சட்டத்தின்படி வழக்கு விசாரிக்கப்படும் மன்றம் பொதுமக்களுக்குத் திறந்த மன்றம். குற்றச்சாட்டு அங்கே உரக்கப் படிக்கப்படுகின்றது. எவரும் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். அன்றன்றைய வழக்குகளின் பட்டியல் நீதிமன்ற வளாகத்தில் ஒட்டப்படுகின்றது. நீதித்துறை அதனை இணையத்திலும் வெளியிடுகின்றது. வெளிநாட்டில் வேலைக்கோ படிப்புக்கோ செல்வோர் தம் நன்னடத்தைச் சான்றிதழை வெளியுறவு அமைச்சின் வழியாகத் தாமே விண்ணப்பித்துப் பெறலாம். இவை போதா என்று எவரேனும் கூறுவாராயின், அவர் தேடுவது உண்மையன்று, வம்பு. பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பற்றியோ பேச்சே வேண்டுவதில்லை. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் அவர்களை அடையாளம் காட்டும் பெயரையும் படத்தையும் ஊடகங்கள் வெளியிடுவதைத் தடுக்கின்றது. பள்ளி ஆசிரியர் அறையில் தேநீர் வேளையில் அத்தடையை மீறுவோர் தாம் ஊடகமல்லர் என்று அமைதி கொள்கின்றனர் போலும். தந்தை கைதானான் என்பதற்காக மகனை வகுப்பின் கடைசி இருக்கைக்கு மனத்தளவில் தள்ளிவிடும் ஆசிரியர் ஒருவர் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு அவர் கற்பிக்கும் நன்னெறிப் பாடத்தின் பயன் யாது?

இனி, மூடிய ஏட்டின் முன் நிற்பவளைப் பார்க்க வேண்டும்.

மகன் இரவு வீடு திரும்பவில்லை. சீருடை அணியாத நால்வர் அவனைக் கடைத்தெருவில் காரில் ஏற்றிச் சென்றனர் என்று ஒரு பையன் வந்து சொல்கின்றான். தாய் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓடுகின்றாள். அங்கே அவன் இல்லை. "மாவட்டத் தலைமையகத்துக்குப் போங்கள்" என்கின்றனர். மாவட்டத் தலைமையகத்தில், போதைப்பொருள் பிரிவா குற்றப் புலனாய்வுப் பிரிவா என்று கேட்கின்றனர். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் அறிந்ததெல்லாம் மகன் சாப்பிடாமல் போனான் என்பதுதான். வேறு மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரிகள் பிடித்துச் சென்றிருந்தால் இந்த மாவட்டத்தின் ஏட்டில் அவன் பெயரே இராது. கைது செய்த நிலையம் ஒன்று, அடைத்து வைக்கும் காவல் அறை மற்றொன்று என்பதும் இந்நாட்டில் வழக்கமே. ஒரு வழக்கிற்கான தடுப்புக்காவல் முடிந்த அன்றே மற்றொரு மாவட்டத்தார் வேறொரு வழக்குக்காக அவனை மீண்டும் கைது செய்து கொண்டுபோவதும் உண்டு. மகனைத் தேடும் குடும்பம் மாவட்டம் மாவட்டமாக அவனைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

சட்டம் இதற்கு என்ன சொல்கின்றது? கூட்டரசு அரசியலமைப்பின் ஐந்தாம் விதி அழகாகவே பேசுகின்றது. கைது செய்யப்பட்டவனுக்குக் கைதின் காரணம் கூடிய விரைவில் கூறப்பட வேண்டும். தான் விரும்பும் வழக்கறிஞரோடு அவன் கலந்துபேச வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்பட வேண்டும். முன்னாள் தலைமை நீதிபதி முகமது சைடின் அப்துல்லா தலைமையில் 2004இல் அமைந்த அரச ஆணையம் காவல் படையைப் பற்றி 125 பரிந்துரைகளை வழங்கியது. அதன் பின்னர் 2007 செப்டம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 28அ என்னும் பிரிவு புகுந்தது. விசாரணை தொடங்குமுன், தான் இருக்கும் இடத்தை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கலாம் என்பதைக் காவலர் கைதியிடம் கூற வேண்டும் என்றும், அதற்குரிய வசதியை இலவசமாகச் செய்து தர வேண்டும் என்றும் அப்பிரிவு விதிக்கின்றது.

நல்ல பிரிவுதான். ஆனால் அதனைக் கூர்ந்து படித்தால் ஓர் ஓட்டை தெரியும். அவ்வுரிமை உள்ளே இருப்பவனுடைய உரிமை. வெளியே நிற்கும் தாயின் உரிமையன்று. அவன் கேட்டால் தொலைபேசி தரப்படும். அவன் அஞ்சிக் கேளாதிருந்தால்? கேட்டும் எண் நினைவில் இல்லையென்றால்? இக்காலத்தில் எண்கள் அனைத்தும் கைப்பேசிக்குள் உறங்குகின்றன. அக்கைப்பேசியையே முதலில் பறிமுதல் செய்துவிடுகின்றனரே! தாய் முகப்பில் நின்று "என் மகன் உங்களிடம் இருக்கின்றானா?" என்று கேட்டால் "ஆம்" அல்லது "இல்லை" என்று விடையளித்தாக வேண்டிய கடமையை அப்பிரிவு எந்த அதிகாரிக்கும் விதிக்கவில்லை. விடை கூறுவது அவருடைய நல்ல மனத்தைப் பொறுத்தது. நல்ல மனமுடைய அதிகாரிகள் இல்லாமலில்லை. ஆயினும் நள்ளிரவில் யார் முகப்பில் அமர்ந்திருக்கின்றார் என்பதைப் பொறுத்து அமைவதை உரிமை என்று அழைக்க முடியாது. அது குலுக்கல் சீட்டு.

இதிலே ஒரு விந்தையும் உண்டு. பாதுகாப்புக் குற்றங்களுக்காக 2012இல் இயற்றப்பட்ட சொஸ்மா சட்டம் கடுமையான சட்டம். 28 நாள்வரை தடுத்து வைக்க அது இடந்தருகின்றது. வழக்கறிஞரைச் சந்திப்பதையும் 48 மணி நேரம்வரை அது தள்ளிவைக்கலாம். அத்தகைய சட்டத்தின் ஐந்தாம் பிரிவே, கைதான செய்தியைத் தாமதமின்றி நெருங்கிய உறவினருக்குக் காவல் அதிகாரி அறிவிக்க வேண்டும் என்று கட்டளையிடுகின்றது. கைதி கேட்டாலும் கேளாவிட்டாலும் அறிவித்தாக வேண்டும். சிறார் சட்டமும் பிள்ளை கைதானவுடன் பெற்றோருக்கு அறிவிக்கச் சொல்கின்றது. நாட்டின் பாதுகாப்புக்கே ஊறு விளைவித்தான் என்று ஐயுறப்படுபவனின் தாய்க்குக் கிடைக்கும் செய்தி, மோட்டார் சைக்கிள் திருடினான் என்று ஐயுறப்படும் பத்தொன்பது வயதுப் பையனின் தாய்க்குச் சட்டப்படி கிடைப்பதில்லை! இதனைச் சரிசெய்யப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. சொஸ்மாவில் உள்ள ஒரு வரியைப் பெயர்த்து எடுத்துப் பொதுச் சட்டத்தில் வைத்தாலே போதும்.

உரிமை இல்லாத இடத்தில் தரகன் முளைப்பான். இந்நாட்டுத் தமிழர் குடியிருப்புகளில் அவனை அறியாதவர் இல்லை. "எனக்கு இன்ஸ்பெக்டரைத் தெரியும்" என்பதே அவனுடைய மூலதனம். மகன் எந்தக் காவல் அறையில் இருக்கின்றான் என்று அறிந்து சொல்வதற்கு ஒரு தொகை. உணவு கொண்டு சேர்ப்பதற்கு ஒரு தொகை. "வழக்கைப் பார்த்துக்கொள்வதற்கு" இன்னொரு தொகை. நகை அடகுக் கடைக்குப் போகின்றது. உண்மையில் தரகன் செய்வது ஒன்றுமில்லை. எந்த வழக்கறிஞரும் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டறியக்கூடியதை, நாளைக் காலையில் நீதிமன்ற வளாகத்தில் நின்றாலே கண்ணால் காணக்கூடியதை, அவன் இரவோடிரவாக விற்கின்றான். சில இடங்களில் தரகனுக்குத் தரகன் என்ற பெயர் இல்லை. சங்கத் தலைவர் என்றோ வட்டாரப் பிரமுகர் என்றோ பெயர். பணம் வாங்காதவரும் உண்டு. அவர் அடுத்த தேர்தலில் நன்றிக்கடனை வாங்கிக்கொள்வார். ஒரு தாய் கேட்டுப் பெற வேண்டிய செய்தியை ஒருவர் கருணையாக வழங்குகின்ற வரையில் அத்தாய் குடிமகள் ஆவதில்லை. இரவலர் வரிசையிலேயே நிற்கின்றாள். தலைவர்கள் பலர் இம்முறையை மாற்றக் குரல் கொடுக்காததற்கு இதுவே காரணமோ என்று ஐயுறுவதில் தவறில்லை.

தமிழ்ப் பள்ளியில் படித்தவர்க்குக் கோவலன் கதையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. பொற்கொல்லன் சொல்லைக் கேட்டு ஆராயாமல் கொலைத் தண்டனை விதித்தான் பாண்டியன் என்பதையே எல்லா மேடைகளிலும் பேசுகின்றனர். அக்கதையில் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. கணவன் பிடிபட்டான் என்பதை ஆயர் சேரியில் காத்திருந்த கண்ணகிக்கு அரசு அறிவிக்கவில்லை. நகரத்துக்குச் சென்று வந்த ஆயர் மகள் ஒருத்தியின் வாய்வழியாகத்தான் அவளுக்குச் செய்தி எட்டியது. எட்டியபொழுது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. சிலம்பைக் கையில் ஏந்தி அவள் முன்னரே அரண்மனை வாயிலுக்கு வந்திருப்பாளேயானால், முத்தா மாணிக்கமா என்னும் வினா கோவலன் உயிரோடிருக்கும்பொழுதே கேட்கப்பட்டிருக்கும்.

காலத்தின் அருமை இக்காலத்திலும் மாறவில்லை. ஆ. குகன் என்னும் 22 வயது இளைஞர் வாகனத் திருட்டு தொடர்பாக 2009 ஜனவரி 14ஆம் நாள் கைது செய்யப்பட்டார். ஆறு நாளில், ஜனவரி 20ஆம் நாள், சுபாங் ஜெயாவில் காவலில் இருக்கும்பொழுதே உயிரிழந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் வற்புறுத்தி நடத்திய இரண்டாம் பரிசோதனை, அவர் அடிக்கப்பட்டதைக் காட்டியது. 2013இல் உயர் நீதிமன்றம் அக்குடும்பத்துக்கு 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. தொகையைக் கேட்டு வியந்தவர்கள் உண்டு. அத்தொகைக்கு அந்த ஆறு நாள்களுள் ஒரு நாளையேனும் திருப்பிக் கொடுக்கும் ஆற்றல் உண்டா?

2017 பிப்ரவரியில் கிள்ளானில் நிகழ்ந்ததோ இதனினும் கொடிது. காவலில் இருந்த ஒருவர் மாஜிஸ்திரேட்டின் முன் கொண்டுவரப்பட்டார். அவருடைய உடல் நிலையைக் கண்ட மாஜிஸ்திரேட்டு தடுப்புக்காவலை நீட்டிக்க மறுத்து, மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுமாறு பணித்தார். ஆயினும் அவர் அன்றிரவே காவல் நிலையத்தில் உயிர் நீத்தார். 24 மணி நேர விதி வேலை செய்தது. திறந்த கண்ணுடைய ஒரு மாஜிஸ்திரேட்டும் இருந்தார். எனினும் அந்த ஆணைக்குப் பிறகு ஒரு மனிதர் எங்கே கொண்டுபோகப்படுகின்றார் என்பதை வெளியே உள்ளவர்கள் உடனுக்குடன் அறியும் முறை இல்லை. காவல் அறையின் இருளுக்கு அஞ்ச வேண்டியவர்கள் குற்றவாளிகள் மட்டும் என்று இனியும் எவரும் கூற முடியுமா?

பிற நாடுகள் இச்சிக்கலை எவ்வாறு அணுகின? இந்தியாவில் டி. கே. பாசு என்பவர், மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் பொறுப்பில் இருந்தவர், காவல் நிலைய இறப்புகளைப் பற்றி 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. பத்தாண்டுக்குப் பின், 1996 டிசம்பரில், நீதிமன்றம் பதினொரு கட்டளைகளை வழங்கியது. கைதின் நாளும் மணியும் குறித்த குறிப்பாணையில் குடும்பத்தார் ஒருவரோ வட்டாரத்துப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இட வேண்டும். உறவினர் வெளியூரில் இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தந்தி வழியாக அறிவிக்க வேண்டும். (தந்தியையே இந்தியா 2013இல் நிறுத்திவிட்டது, கட்டளை நிற்கின்றது.) மாவட்டத் தலைநகரக் கட்டுப்பாட்டு அறையில், கைதும் காவல் இடமும் 12 மணி நேரத்துக்குள் எவரும் காணும் பலகையில் எழுதப்பட வேண்டும். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த அந்நாட்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கைதானவர்களின் விவரத்தைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்கின்றது. மின்னியல் முறையிலும் வைக்கச் சொல்கின்றது.

பலகை இருந்தும் 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலர் கையில் அடிபட்டு மாண்டனரே என்று கேட்கலாம். மெய்தான். ஏடு அடியைத் தடுக்காது. ஆனால் அவர்கள் எந்த நிலையத்தில் இருந்தனர் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அடித்தவர்களின் பெயர்களும் மறைந்துபோகவில்லை. எங்கே இருந்தான் என்பதே தெரியாதவனுக்காக எந்த நீதிமன்றத்தில் எவர்மீது வழக்குத் தொடுப்பது?

எனினும் இந்தியாவின் பலகையை அப்படியே பெயர்த்து மலேசியாவில் நட வேண்டும் என்பதன்று இங்குள்ள வாதம். எவரும் படிக்கும் பலகை ஊர்வாய்க்கும் தீனி போடும். அமெரிக்காவில் இது எந்த அளவுக்குப் போகும் என்பதைக் காணலாம். ஃபுளோரிடா முதலிய மாநிலங்களில் கைதானவனின் பெயரும் குற்றச்சாட்டும் சிறையில் எடுத்த படமும் பொது ஆவணங்கள். அப்படங்களை அள்ளியெடுத்து இணையத்தில் பரப்பி, "உன் படத்தை நீக்க வேண்டுமா? இவ்வளவு பணம் கொடு" என்று கேட்கும் தொழிலே அங்கு உருவாயிற்று. விடுதலையானவனும் பணம் கட்டித் தன் மானத்தை மீட்க வேண்டியவனானான். 2013 முதற்கொண்டு பல மாநிலங்கள் இதனைத் தடுக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது. "வெளிநாட்டில் எவரும் எவருடைய கைதையும் பார்க்கலாமே" என்று மேடையில் பெருமையாகப் பேசுவோர் இந்தப் பிற்பகுதியையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இங்கிலாந்தின் வழியே பொருத்தமானது. 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ஒவ்வொரு கைதிக்கும் தனித்தனியே காவல் பதிவேடு திறக்கப்படுகின்றது. விசாரணையோடு தொடர்பில்லாத ஓர் அதிகாரி அதற்குப் பொறுப்பு. எப்பொழுது வந்தான், எப்பொழுது உண்டான், எப்பொழுது மருத்துவர் பார்த்தார், எப்பொழுது எங்கே மாற்றப்பட்டான் என்பன அதில் ஏறும். பின்னர் அவனோ அவன் வழக்கறிஞரோ அதன் நகலைக் கேட்டுப் பெறலாம். உறவினரோ நண்பரோ வந்து அவன் எங்கே என்று வினவினால், கைதி இசைந்தால், விடை கூறப்பட வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை விதி. அதே வேளையில் குற்றம் சாட்டப்படுமுன் ஐயத்துக்குள்ளானவனின் பெயரை ஊரறியச் செய்வதை அங்குள்ள நீதிமன்றங்கள் அண்மை ஆண்டுகளில் கண்டித்துள்ளன. வேண்டியவனுக்குத் திறந்தும் வேண்டாதவனுக்கு மூடியும் ஓர் ஏட்டை வைத்திருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று எதற்கு?

இவ்வாறு செய்தால் புலனாய்வு கெடும், கூட்டாளிகள் ஓடிவிடுவர் என்று காவல் துறையின் சார்பில் ஒரு மறுப்பு கூறப்படும். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கின்றது. கூட்டாளி தப்புவான், சான்று அழிக்கப்படும், சாட்சி மிரட்டப்படுவான் என்று நியாயமாகக் கருதினால் 28அ பிரிவின் உரிமைகளை நிறுத்தி வைக்கலாம். ஆனால் துணைக் கண்காணிப்பாளர் தரத்துக்குக் குறையாத அதிகாரி அனுமதிக்க வேண்டும். காரணத்தை எழுதி வைக்க வேண்டும். விதிவிலக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்பொழுது, விதியையே ஏன் விதிவிலக்காக்க வேண்டும்? சிலாங்கூரும் பினாங்கும் தகவல் சுதந்திரச் சட்டங்களை இயற்றிப் பல்லாண்டாகின்றன. ஆனால் காவல் துறை கூட்டரசின் அதிகாரத்தில் இருப்பதால் அச்சட்டங்கள் காவல் நிலையப் படியில் நின்றுவிடுகின்றன. ஆகவே திருத்தம் நாடாளுமன்றத்தில்தான் பிறக்க வேண்டும்.

அத்திருத்தம் வரும்வரை தாய்மார்கள் தரகனை நம்பியிருக்க வேண்டியதில்லை. அழைத்துச் செல்ல வந்தவர் சீருடையில் இல்லையானால் அவருடைய அதிகார அட்டையைக் காட்டக் கேட்கலாம். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டோரும் நீல அட்டையும், அதற்குக் கீழ்ப்பட்டோர் மஞ்சள் அட்டையும், துணைப் படையினர் வெள்ளை அட்டையும் வைத்திருப்பர். சிவப்பு அட்டை பணி இடைநீக்கம் செய்யப்பட்டவருடையது. அவருக்குக் கைது செய்யும் அதிகாரமே இல்லை. பெயரும் வாகன எண்ணும் நேரமும் ஒரு தாளில் குறிக்கப்பட வேண்டும். முதலில் அருகிலுள்ள நிலையம், பின்னர் மாவட்டத் தலைமையகம், அங்கும் இல்லையெனில் மாநிலத் தலைமையகம் என்று மகனின் அடையாள அட்டை எண்ணோடு சென்று, எந்தப் பிரிவு, விசாரணை அதிகாரி யார் என்னும் இரண்டை மட்டும் வற்புறுத்திக் கேட்க வேண்டும். விடை சொன்னவரின் பெயரையும் எழுதிக்கொள்வது நன்று. எழுதுகோலைக் கண்டால் விடைகளின் தரம் உயரும். எங்கும் விடை கிடைக்கவில்லையா? மறுநாள் காலை அம்மாவட்டத்து மாஜிஸ்திரேட்டு நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அவன் ஒரு மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்தப்பட்டாக வேண்டும் என்பதால் பெரும்பாலும் அங்கே தென்படுவான். தடுப்புக்காவல் மனுவின்பொழுது வழக்கறிஞர் ஒருவர் உடனிருந்தால் நாள்கள் குறைய வாய்ப்புண்டு. பதினான்கு ஆண்டுக்குக் குறைந்த தண்டனையுடைய குற்றங்களுக்கு முதலில் நான்கு நாள், பின்னர் மூன்று நாள் என ஏழு நாளே உச்ச வரம்பு என்பதைக்கூடப் பல குடும்பங்கள் அறிவதில்லை. கட்டணம் கட்ட இயலாதவர்க்காகத் தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தின் வழக்கறிஞர்கள் 2012 முதல் கைது, தடுப்புக்காவல் கட்டங்களில் இலவசமாகத் தோன்றி வருகின்றனர். எல்லா வழியும் அடைபட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு உண்டு; அரசியலமைப்பின் ஐந்தாம் விதியே அவ்வுரிமையை வழங்குகின்றது.

இவற்றுள் எதுவும் மறைபொருள் அன்று. வழக்கறிஞர் மன்றம் 2006இல் வெளியிட்ட, சிவப்புப் புத்தகம் என்று வழங்கும் சிறு கையேட்டில் இவற்றுட் பல எழுதப்பட்டுள்ளன. தமிழர் வீடுகளில் எத்தனை வீட்டில் அது இருக்கின்றது? சமயச் சொற்பொழிவுக்கும் தன்முனைப்புப் பட்டறைக்கும் மண்டபம் எடுக்கும் சங்கங்கள், ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கியதுண்டா? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விளையாட்டுப் போட்டிச் சட்டையின் நிறத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் வாதிடுகின்றனர். மகன் பிடிபட்டால் எங்கே போய்க் கேட்பது என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர்.

அந்த முகத்திருப்பலில்தான் மிகுந்த கேடு இருக்கின்றது. மகன் கைதானான் என்று கேட்டவுடன் மானத்துக்கு அஞ்சி, "கிடக்கட்டும், புத்தி வரட்டும்" என்று கதவைச் சாத்திக்கொள்ளும் தந்தையர் உளர். அவர்கள் கதவைச் சாத்துவது காவல் துறைக்கு எதிராகவும் அன்று, மகனுக்கு எதிராகவும் அன்று; பக்கத்து வீட்டுக்காரனின் வாய்க்கு எதிராக. உரிய நேரத்தில் ஒரு வழக்கறிஞரை அழைத்திருக்க வேண்டிய 24 மணி நேரம் ஊர்வாய்க்கு அஞ்சியே வீணாகின்றது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று பழமொழி கூறிக் கைகழுவுவது எளிது. ஆனால் அவ்வாய் ஊரார் வாய்தானே? அதில் அரைபடும் பெயர் இன்று அடுத்த வீட்டானுடையது. நாளை யாருடையது என்று எவருக்குத் தெரியும்?

நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டிய கோரிக்கை ஒரு பக்கத்தில் அடங்கும். கைது செய்த அதிகாரி, கைதி கேளாவிடினும், நெருங்கிய உறவினருக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும். நாடு முழுவதற்கும் ஒரே தொலைபேசி எண் வேண்டும். அடையாள அட்டை எண்ணையும் உறவையும் கூறும் உறவினருக்கும் வழக்கறிஞருக்கும், கைதி எந்தக் காவல் அறையில் இருக்கின்றான், விசாரணை அதிகாரி யார் என்னும் விடை அதில் கிடைக்க வேண்டும். இடமாற்றம் நிகழ்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அது பதிவாக வேண்டும். உரிமையற்ற எவருக்கும் அப்பதிவைக் கசியவிடும் அதிகாரி தண்டிக்கப்பட வேண்டும். குற்றச்சாட்டின்றி விடுவிக்கப்பட்டவனின் கைதை வேலை கொடுப்போர் கேட்பதும் தடைசெய்யப்பட வேண்டும். தமிழர் வாக்குகளைக் கேட்டு வருகின்ற கட்சிகள் அனைத்திடமும் இப்பக்கத்தை நீட்டிக் கையொப்பம் கேட்கலாம். அந்தத் தொலைபேசி எண் ஒருநாள் வருமாயின், கோயில் அறிவிப்புப் பலகையில் நன்கொடையாளர் பட்டியலுக்குப் பக்கத்தில் அதை ஒட்ட இடம் கிடைக்காமற் போகாது.